முள்ளம்பன்றி கூலி கூட்டிய காலை

ஒரு காட்டில் பிள்ளை பெற்றவர்கள் எல்லோருக்கும் ஒரே கவலைதான். இரை தேடப் போகும்போது குட்டியை யாரிடம் விடுவது? கூடவே கூட்டிப் போனால் செந்நாய் பார்க்கும். புதரில் விட்டுப் போனால் பாம்பு பார்க்கும்.

அந்தக் கவலையைத் தீர்த்துவைத்தவள் வடிவு என்கிற முள்ளம்பன்றி. மலைச்சரிவில் அவளுக்கு ஒரு பாறைக்குகை இருந்தது. உள்ளே நல்ல விசாலம். வாசல் மட்டும் குறுகல். அந்த வாசலில் வடிவு முள்ளை விரித்துக்கொண்டு நின்றால், செந்நாய்க் கூட்டமே வந்தாலும் மூக்கைக் காப்பாற்றிக்கொண்டு திரும்ப வேண்டியதுதான்.

குகையின் பின்பக்கம் பாறையில் ஒரு வெடிப்பு இருந்தது. பாம்பு நுழையக்கூடிய வெடிப்பு. அங்கே மருதாயி என்ற கீரியைக் காவலுக்கு உட்கார வைத்திருந்தாள். கீரி உட்கார்ந்திருக்கும் பக்கம் பாம்புக்கு என்ன வேலை?

காலையில் குட்டிகளைக் கொண்டுவந்து விடுவார்கள். பொழுது சாயும்போது அழைத்துப் போவார்கள். கூலி, குட்டிக்கு ஒரு கிழங்கு. அந்தக் காட்டில் கிழங்கு கொடுத்தால் எது வேண்டுமானாலும் கிடைக்கும். வந்த கிழங்கில் கொஞ்சத்தை மசித்து மதியம் குட்டிகளுக்கு ஊட்டுவாள் வடிவு. கொஞ்சம் மருதாயியின் பங்கு. மிச்சம் தன் வயிற்றுக்கு.

வேலையில் அவளைக் குறை சொல்ல முடியாது. பன்றிக்குட்டி மான்குட்டியை முட்டினால் விலக்கிவிடுவாள். முயல்குட்டி சாப்பிட அடம்பிடித்தால் வேடிக்கை காட்டி ஊட்டுவாள். எந்தக் குட்டிக்கு எந்தக் காதில் சொறிந்தால் தூக்கம் வரும் என்பதுகூட அவளுக்குத் தெரியும்.

ஆனால் யாராவது புகழ்ந்துவிட்டால் போதும், குழந்தைகளே. கண் சொருகிவிடும். வாய் காது வரைக்கும் இளிக்கும். புத்தி எங்கே போயிற்று என்று தேட வேண்டும்.

இதை முதலில் கண்டுபிடித்தவள் புள்ளிமான் சிங்காரி. அவள் கண் பெரிசு, நாக்கு அதைவிடப் பெரிசு. கூலி என்று அவள் கொண்டுவரும் கிழங்கைப் பார்த்தால் சிரிப்புத்தான் வரும். எலிவால் பருமன் இருக்கும். அதிலும் பாதியைப் புழு தின்றிருக்கும். அதை வடிவின் கையில் வைத்துவிட்டு, உடனே கண்ணைத் துடைத்துக்கொள்வாள்.

"வடிவக்கா, உங்களுக்கு உடம்புலதான் முள்ளு. மனசு இலவம்பஞ்சு. இந்தக் காட்டுல நீங்க இல்லேன்னா எங்க கதி என்ன?"

அவ்வளவுதான். வடிவு அந்த எலிவாலைப் பொக்கிஷம் போல வாங்கி வைத்துக்கொள்வாள்.

இப்படியே காலம் போயிற்று. குட்டிகள் பெருகின. கூலி மட்டும் பெருகவில்லை. குகையைச் சுற்றியிருந்த கிழங்குக் கொடிகள் தீர்ந்துபோய், கையிருப்பு குறைந்தால் வடிவு வெகுதூரம் போய்த் தோண்ட வேண்டியிருந்தது. மருதாயிக்கும் பிள்ளைகள் பிறந்தன. வாங்குகிற பங்கு அவள் வீட்டுக்குப் போதவில்லை.

ஒரு வருஷம் மழை கொட்டோ கொட்டென்று கொட்டியது. மண்ணில் எங்கே மூக்கை வைத்தாலும் கிழங்கு. வள்ளிக்கிழங்கு ஒவ்வொன்றும் பன்றிக்குட்டி அளவு பருத்திருந்தது. தின்ன முடியாமல் எல்லோரும் சேர்த்துப் புதைத்து வைத்தார்கள்.

மருதாயி வந்து சொன்னாள்: "அக்கா, கூலியைக் கூட்டிக் கேக்கிறதுன்னா இப்பக் கேளுங்க. எல்லார் வீட்டுலயும் நிறைஞ்சு கிடக்கு. இப்பக் கேட்டா யாருக்கும் வலிக்காது."

"கேக்கலாம்தான்... ஏதாவது நினைச்சுக்குவாங்களோ?"

"என்ன நினைப்பாங்க? பிள்ளைங்க ரெண்டு மடங்கு ஆயிருச்சு. மசியலுக்குக் கிழங்கு பத்தலை. என் பங்கும் பத்தலை. உள்ளதைச் சொல்லிக் கேளுங்க."

அன்று காலையிலேயே காட்டுப்பன்றி வீரணனும் வாசலில் நின்று அதையேதான் சொன்னான். வீரணனுக்குப் பேச்சில் நயம் கிடையாது. சொல்ல வந்ததை உறுமிவிட்டுப் போவான்.

"ஏம்மா வடிவு, இன்னும் ஒரு கிழங்குதானா? என் பிள்ளைங்க தின்னுற தீனி எனக்குத் தெரியாதா? ஒண்ணரையாக் கேளு. ரெண்டாக் கேட்டாலும் குடுக்கிறேன். இந்த வருஷம் என் வீட்டுல வைக்க இடமில்லை."

கொடுக்கிறவனே கூப்பிட்டுக் கொடுக்கிறான். வேறு யாராக இருந்தாலும் அந்த நிமிஷமே சரி என்றிருப்பார்கள். வடிவு என்ன செய்தாள் தெரியுமா? "சாயங்காலம் எல்லாரும் வரட்டும், பொதுவாச் சொல்லிர்றேன்" என்றாள்.

அன்று முழுவதும் அவள் அதையே மனசுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தாள். 'ஒன்றரைக் கிழங்கு. ஒன்றரைக் கிழங்கு.' மசியல் பிசையும்போது சொன்னாள். குட்டிகளைத் தூங்கவைக்கும்போது சொன்னாள். தூங்கிக்கொண்டிருந்த முயல்குட்டி ஒன்று விழித்து, "என்ன ஒண்ணரை?" என்று கேட்டது. "ஒண்ணுமில்லை, தூங்கு" என்றாள்.

பொழுது சாய்ந்தது. பெற்றவர்கள் எல்லோரும் வாசலில் கூடினார்கள். வடிவு தொண்டையைக் கனைத்தாள்.

"உங்ககிட்ட ஒரு விஷயம் சொல்லணும். இந்தக் கூலி விஷயமா..."

கூலி என்ற சொல் காதில் விழுந்ததும் சிங்காரியின் காது நிமிர்ந்தது. ஒரே தாவலில் முன்னால் வந்து நின்றாள்.

"கேட்டுக்குங்க எல்லாரும்!" என்றாள். "கூலின்னதும்தான் எனக்கு ஞாபகம் வருது. கரடி தேன் எடுத்துக் குடுக்க எவ்வளவு கேக்கிறா? போன வருஷத்துக்கு ரெண்டு மடங்கு! மரங்கொத்தி பொந்து குடைய எவ்வளவு கேக்கிறான்? அதுவும் ரெண்டு மடங்கு! எல்லாம் பேராசை பிடிச்ச கூட்டம். நம்ம வடிவக்கா ஒருத்திதான் அன்னைக்கும் ஒரு கிழங்கு, இன்னைக்கும் ஒரு கிழங்கு. இது கூலிக்குச் செய்யிற வேலையா? பெத்த தாய் செய்யிற வேலை! என்னக்கா, நான் சொல்றது சரிதானே?"

எல்லோரும் வடிவையே பார்த்தார்கள். முயல் குப்பாயி கைதட்டினாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் தட்டினார்கள். கூலி கூடவில்லை என்றதும் கைதட்டியவர்கள் யார்? கூலி கொடுக்கிறவர்கள்தான். தட்டாமல் என்ன செய்வார்கள்?

அது வடிவுக்கு விளங்கியிருக்க வேண்டும். விளங்கவில்லை. அவளுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. தொண்டை வரை வந்த ஒன்றரைக் கிழங்கு திரும்ப வயிற்றுக்குள் இறங்கிவிட்டது.

"அதைத்தான் நானும் சொல்ல வந்தேன்" என்றாள். "இந்தக் குகையில என் உசுரு இருக்கிற வரைக்கும் ஒரு கிழங்குதான்! அதுக்கு மேல கேட்டா ஏன்னு கேளுங்க!"

கைதட்டல் இன்னும் பலமாக எழுந்தது. பின்பக்க வெடிப்பில் உட்கார்ந்திருந்த மருதாயி தலையில் கைவைத்துக்கொண்டாள்.

வீரணன் தன் குட்டிகளை முன்னால் தள்ளிக்கொண்டு புறப்பட்டான். போகிறபோது, "கேட்டாத்தானே குடுக்க முடியும்?" என்று உறுமினான். வடிவின் காதில் அது விழவில்லை. அவள் காதில் இன்னும் கைதட்டல்தான் கேட்டுக்கொண்டிருந்தது.

மறுநாள் மருதாயி கேட்டாள்: "ஏன்க்கா இப்படிப் பண்ணிட்டீங்க?"

"நிறைஞ்சு கிடக்கிறப்போ கேட்டா, அவங்க நல்லா இருக்கிறதைப் பார்த்துப் பொறாமைப்படுறேன்னு நினைப்பாங்க, மருதாயி. கொஞ்ச நாள் போகட்டும்."

கொஞ்ச நாள் போயிற்று. கிழங்கு சேர்த்த காலம் முடிந்து பனிக்காலம் வந்தது.

"இப்பக் கேக்கலாமாக்கா?"

"எல்லாருக்கும் புதுசாப் பிள்ளை பிறந்திருக்கு. பாவம்."

பனி போய் இலையுதிர ஆரம்பித்தது.

"இப்ப?"

"இலையெல்லாம் உதிருது. தீனி குறையிற நேரம். பாவம்."

எல்லோரும் பாவம். மருதாயி ஒருத்தி மட்டும் பாவமில்லை போலிருக்கிறது!

கூலியைக் கூட்டாமல் குகையை நடத்த வடிவு வேறு வழிகள் கண்டுபிடித்தாள். மசியலில் தண்ணீரைக் கூட்டினாள். கேட்டால், "வெயிலுக்கு நீர்க்க இருந்தாத்தான் நல்லது" என்றாள். இன்னும் நாலு குட்டி வந்தால் இன்னும் நாலு கிழங்கு வருமே என்று, வந்த குட்டியை எல்லாம் சேர்த்துக்கொண்டாள். படுக்க இடமில்லாமல் குட்டிகள் ஒன்றன்மேல் ஒன்று படுத்தன. கடைசியாக மருதாயியின் பங்கில் கைவைத்தாள்.

பெரிய மனசு என்று பேர் வாங்கியாயிற்றே, அந்தப் பேருக்குத் தக்கபடி ஆட்களும் வந்தார்கள். முயல் குப்பாயி ஒரு கூட்டம் குட்டிகளை விட்டுவிட்டு, பாதிக்குத்தான் கிழங்கு கொடுத்தாள். "இதெல்லாம் சின்னக் குட்டிங்கக்கா, ரெண்டு சேர்ந்தாத்தான் ஒண்ணு" என்றாள். சிங்காரி தன் குட்டியோடு தங்கச்சி குட்டியையும் விட ஆரம்பித்தாள். அதற்குக் கூலியே இல்லை. "உங்ககிட்டப் போய் இதுக்கெல்லாம் கணக்குப் பார்த்தா உங்களை அவமானப்படுத்தின மாதிரி ஆயிரும்க்கா" என்றாள். வடிவு அதற்கும் இளித்தாள்.

ஒரு நாள் மருதாயி தன் இடத்தை விட்டு எழுந்து வந்து நின்றாள்.

"நான் போறேன்க்கா."

"எங்கே?"

"ஆத்துப் பக்கம். வேற வேலை பார்த்துக்கிறேன். என் பிள்ளைங்க எலும்பும் தோலுமாக் கிடக்குது."

வடிவுக்குக் கோபம் வந்தது. "இவ்வளவு பிள்ளைங்களை நட்டாத்துல விட்டுட்டுப் போறியே, உனக்கு மனசே இல்லையா? என்னைப் பாரு. நானும் அரை வயித்துக்குத்தான் தின்னுறேன். இந்தக் காடே என்னைத் தாய்ங்குது, தெரியுமா?"

"தெரியும்க்கா. அந்தப் பேரு உங்களுக்கு. பட்டினி மட்டும் எனக்குமா? உங்க பேரைக் கொண்டுபோய் என் பிள்ளைங்களுக்கு ஊட்ட முடியுமா?"

மருதாயி போய்விட்டாள்.

சாயங்காலம் பெற்றவர்கள் கேட்டால் சொல்ல வேண்டும் என்று, "நன்றி கெட்டவ, சொல்லாமக் கொள்ளாமப் போயிட்டா" என்ற பதிலை வடிவு தயாராக வைத்திருந்தாள். யாருமே கேட்கவில்லை. பின்பக்கம் எவர் போய்ப் பார்த்தார்கள்? ஒரு கல்லை உருட்டி வெடிப்பை அடைத்துவிட்டு வடிவும் பேசாமல் இருந்துவிட்டாள். கல்லோரம் இரண்டு விரல் அகலம் சந்து இருந்தது. அதைப் பார்த்தாள். பிறகு பார்க்காதது போலத் திரும்பிக்கொண்டாள்.

அந்த வருஷம் மழை பொய்த்தது.

குட்டை வற்றியது. ஊற்று வற்றியது. மண் பாறையாகிவிட்டது. கிழங்குக் கொடிகள் இருந்த இடம்கூடத் தெரியவில்லை. தண்ணீர் வேண்டுமென்றால் மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஆற்றுக்குத்தான் போக வேண்டும். விடிந்ததும் போனால், தண்ணீர் குடித்து, இரையும் தேடிக்கொண்டு பொழுது சாயத் திரும்பலாம். அந்தச் சுடுவெயிலில் குட்டிகளை நடத்திக் கூட்டிப் போக முடியுமா? குகை ஒன்றுதான் கதி. இதுவரை வராதவர்கள்கூட வந்து குட்டிகளை விட்டார்கள். கூலியாக அவர்கள் கொடுத்த கிழங்கு, மழைக்காலத்தில் புதைத்து வைத்ததன் கடைசி மிச்சம். காய்ந்து சுள்ளி போல இருந்தது.

வடிவு அரை வயிறு தின்றது போய், கால் வயிறு தின்றாள். மசியல் வெறும் தண்ணீராக ஆகிவிட்டது. குட்டிகள் பசியில் அழுதுகொண்டே இருந்தன. தானே போய்த் தோண்டலாம் என்று பார்த்தால், தோண்டித் தோண்டி நகம் பிளந்ததுதான் மிச்சம்.

இருந்தும் அவள் வாய் திறக்கவில்லை. ஏன் தெரியுமா? காலையில் யாராவது ஒருவராவது, "உங்களைப் போல உண்டா!" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அந்த ஒரு வாய்ச்சொல்லை வைத்துக்கொண்டு அன்றைய பொழுதை ஓட்டினாள்.

ஒரு நாள் காலை, வடிவின் கையிருப்பில் ஒரு துண்டுக் கிழங்குகூட இல்லை. வாசலில் வந்து நின்றாள். ஆற்றுக்குப் போகிற அவசரத்தில் பெற்றவர்கள் நெருக்கியடித்துக்கொண்டு வந்தார்கள். எல்லோருக்கும் நாக்கு வறண்டிருந்தது. யாருக்கும் பேசத் தெம்பில்லை.

சிங்காரி வந்தாள். தன் குட்டியை உள்ளே தள்ளினாள். தங்கச்சி குட்டியையும் தள்ளினாள். எலிவால் கிழங்கைத் தரையில் போட்டாள். ஒரு வார்த்தை பேசாமல் திரும்பினாள்.

வடிவு திகைத்துப் போனாள். "என்ன சிங்காரி, ஒண்ணுமே சொல்லாமப் போறே?" என்று வாய்விட்டே கேட்டுவிட்டாள்.

"என்ன சொல்லணும்? கூலியைத்தான் போட்டுட்டேனே?" என்றாள் சிங்காரி. "வெயில் ஏறுதுக்கா, விடுங்க."

வடிவுக்குச் சுருக்கென்றது. இவ்வளவு நாள் பட்டினி கிடந்ததற்குக் கிடைத்து வந்த ஒரே கூலி அந்தப் புகழ்ச்சிதான். இன்று அதுவும் இல்லை! மருதாயி போனபோது வராத ஆத்திரம், குட்டிகள் பசியில் அழுதபோது வராத ஆத்திரம், இப்போது வந்தது. அவள் உடம்பிலிருந்த முள் அத்தனையும் சடசடவென்று எழுந்து நின்றது.

"நில்லுங்க எல்லாரும்!" என்று கத்தினாள். "இன்னையிலிருந்து ஒரு கிழங்கு கிடையாது. குட்டிக்கு மூணு கிழங்கு! குடுக்க முடிஞ்சவங்க விட்டுட்டுப் போங்க. முடியாதவங்க கூட்டிக்கிட்டுப் போங்க!"

எல்லோரும் வாயைப் பிளந்தார்கள்.

"மூணா!" என்று முயல் குப்பாயி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "மூணு கிழங்கை நான் பார்த்தே எத்தனை நாள் ஆச்சு!"

"பார்த்தீங்களா இவ குணத்தை!" என்று சிங்காரி சுற்றி நின்றவர்களைக் கூப்பிட்டாள். நேற்றுவரை தாய் என்ற அதே நாக்குதான். "நாம தண்ணியில்லாமச் சாகிற நேரம் பார்த்துக் கழுத்தைப் பிடிக்கிறா! வேற போக்கிடம் இல்லைன்னு தெரிஞ்சுக்கிட்டுக் கேக்கிறா! இவளையா பஞ்சு மனசுன்னோம்?"

"நான் ஏமாந்தது போதும்!" என்றாள் வடிவு. "இத்தனை நாள் ஒரு கிழங்குக்குப் பார்த்தேனே, அதை ஏன் சொல்ல மாட்டேங்கிறே?"

"நாங்களா கூட்டாதேன்னோம்? உசுரு இருக்கிற வரைக்கும் ஒண்ணுதான்னு சொன்னது யாரு?"

பதில் இல்லாதவர்கள் செய்வதைத்தான் வடிவும் செய்தாள். குரலை உயர்த்தினாள். "மூணுன்னா மூணுதான்!"

வீரணன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தான்.

"வடிவு, மழை பெஞ்ச வருஷம் உன் வாசல்ல நின்னு ரெண்டு தர்றேன்னு சொன்னேன். அப்பக் கேட்டிருந்தா மூட்டையாக் கொண்டாந்து கொட்டியிருப்பேன். நீயும் சேர்த்து வச்சிருப்பே. இன்னைக்கு நானும் நீயும் அதைத் தின்னுக்கிட்டு இருந்திருப்போம். இப்ப என்கிட்ட என்ன இருக்கு? இந்தத் தந்தம்தான் இருக்கு. பிடுங்கித் தரட்டுமா?"

வடிவு வாயைத் திறக்கும் முன் குகைக்குள்ளிருந்து வீல் என்று ஒரு கத்தல் கேட்டது.

வாசலில் எல்லோரும் சண்டையில் இருந்த நேரத்தில், பின்பக்கக் கல்லோரச் சந்து வழியாக நாகம் ஒன்று உள்ளே வந்துவிட்டது. வறட்சியில் அதற்கும் பசி. குட்டிகள் சுவரோரம் ஒட்டிக்கொண்டு அலறின. வீரணனின் கடைசிக் குட்டி மூலையில் தனியாக மாட்டிக்கொண்டது. நாகம் அதன் முன்னால் படம் எடுத்து நின்றது.

வடிவு பாய்ந்தாள். அந்த விஷயத்தில் அவளைக் குறை சொல்ல முடியாது. குட்டிக்கும் நாகத்துக்கும் நடுவே புகுந்து, முதுகைத் திருப்பி, முள்ளை விரித்துப் பின்பக்கமாக மோதினாள். நாகம் கொத்தியது. கொத்து முள்ளில் பட்டது. வாயெல்லாம் ரத்தமாக, வந்த வழியே வளைந்து நெளிந்து ஓடியது. பன்றிக்குட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் மிரண்டு ஓடிய குட்டிகள் மிதித்ததில், குப்பாயியின் குட்டி ஒன்றுக்குக் கால் ஒடிந்துவிட்டது.

மூச்சு வாங்க நின்றாள் வடிவு. இவ்வளவு நடந்த பிறகும் அவள் காது எதற்குக் காத்திருந்தது தெரியுமா, குழந்தைகளே? யாராவது தன்னைப் பாராட்டுவார்களா என்றுதான்!

வீரணன் தன் குட்டியை நக்கிக் கொடுத்தான். பிறகு நிமிர்ந்து பின்பக்கம் பார்த்தான்.

"கீரி எங்கே?"

வடிவு மெல்லச் சொன்னாள்: "போயிட்டா."

"எப்ப?"

"இலையுதிர் காலத்துல."

"அப்ப இருந்து இங்கே பாம்புக்குக் காவலே இல்லையா?" வீரணனின் உறுமல் குகை முழுக்க எதிரொலித்தது. "ஏன் போனா?"

"அவ பங்கைக் குடுக்க முடியலை."

"ஏன் முடியலை?"

"நீங்க குடுக்கிற ஒரு கிழங்கு எப்படிப் பத்தும்?"

"பத்தலைன்னு நீ சொன்னியா?"

வடிவு தலையைக் குனிந்துகொண்டாள்.

"எங்க பிள்ளைங்க பத்திரமா இருக்குன்னு நம்பிக்கிட்டு நாங்க ஆத்துக்குப் போயிட்டு வர்றோம்" என்றான் வீரணன். "நீ நல்ல பேரு எடுக்கிறதுக்கு எங்க பிள்ளைங்க உசுரைப் பணயம் வச்சிருக்கே!"

குப்பாயி கால் ஒடிந்த குட்டியை வாயில் கவ்விக்கொண்டு அழுதபடியே வெளியேறினாள். ஒருவர் பின் ஒருவராக எல்லோரும் தங்கள் குட்டிகளைக் கூட்டிக்கொண்டு கிளம்பினார்கள். சிங்காரி போகிறபோது, தரையில் போட்ட எலிவால் கிழங்கை மறக்காமல் எடுத்துக்கொண்டு போனாள்.

அவர்களுக்கும் அந்தக் கோடை சுலபமாகப் போகவில்லை. குட்டிகளை வெயிலில் இழுத்துக்கொண்டு ஆற்றுக்கே போய், கரைப் புதரில் கிடந்தார்கள். முறை வைத்து ஒரு நாளைக்கு ஒருவர் இரைக்குப் போகாமல் காவல் இருந்தார்கள். முறை வந்தவர் அன்று பட்டினி. ஒரு கிழங்குக்கு எவ்வளவு வேலை நடந்திருக்கிறது என்று அப்போதுதான் அவர்களுக்கு உறைத்தது. கைதட்டி மிச்சம் பிடித்ததைவிட அதிகமாக அந்தக் கோடையில் இழந்தார்கள்.

ஒரு வழியாக மழை பெய்தது. காடு மறுபடி பச்சையானது. கிழங்கு மறுபடி விளைந்தது.

ஆற்றங்கரையில் மருதாயி, கரடி ஒருத்தியைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டு, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆரம்பித்தாள். முதல் நாளே எல்லோரையும் கூப்பிட்டுச் சொல்லிவிட்டாள்: "குட்டிக்கு ரெண்டு கிழங்கு. வருஷா வருஷம் கிழங்கு விளைஞ்சு முடிஞ்சதும் உங்களைக் கூப்பிட்டு, கூட்டணுமா வேண்டாமான்னு வெளிப்படையாப் பேசுவேன். விளைச்சல் இல்லாத வருஷம் கூட்ட மாட்டேன். இதுல சம்மதம்னா விடுங்க."

வீரணன் மறுபேச்சுப் பேசாமல் கொண்டுவந்து கொட்டினான். குப்பாயி எல்லாக் குட்டிகளுக்கும் எண்ணிக் கொடுத்தாள். சிங்காரி மட்டும் ஓர் எலிவால் கிழங்கை நீட்டி, தன் பழைய வித்தையைக் காட்டிப் பார்த்தாள்.

"கரடியக்கா, பார்க்கத்தான் நீங்க கரடுமுரடு. மனசு இருக்கே, அது தேனு!"

கரடி தலையைச் சொறிந்துகொண்டு, "ரெண்டு கிழங்கு" என்றாள்.

"உங்களை மாதிரி ஒரு தாய்..."

"ரெண்டு. இது ஒண்ணுகூட இல்லை. நல்லதாக் கொண்டா."

சிங்காரி பெருமூச்சு விட்டுக்கொண்டு போய், பருத்த கிழங்காக இரண்டு கொண்டுவந்து வைத்தாள். கொடுத்தே ஆக வேண்டும் என்றால் அவளுக்கும் நல்ல கிழங்கு கிடைக்கத்தான் செய்தது!

மலைச்சரிவில் வடிவு குகையைப் பெருக்கித் துடைத்து வைத்தாள். பின்பக்க வெடிப்பைச் சேறு பூசி ஒரு சந்துகூட இல்லாமல் அடைத்தாள். வாசலில் நின்று, போகிறவர்களை எல்லாம் கூப்பிட்டாள்.

"பழையபடி ஒரு கிழங்குதான்! வாங்க!"

யாரும் நிற்கவில்லை.

"அரைக் கிழங்கு குடுத்தாப் போதும்!"

வீரணன் குட்டிகளோடு அந்த வழியாகத்தான் ஆற்றுப் பக்கம் போனான். வடிவு அவன் முன்னால் ஓடிவந்து நின்றாள்.

"அண்ணே, நீங்களாவது விட்டுட்டுப் போங்கண்ணே. அரைதான் கேக்கிறேன். மருதாயிகிட்ட ரெண்டு குடுக்கிறீங்களே!"

வீரணன் குட்டிகளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

"அவகிட்ட ரெண்டுன்னா அது ரெண்டுதான். என்னைக்குக் கூட்டுவா, எதுக்குக் கூட்டுவான்னு எனக்குத் தெரியும்" என்றான். "உன்கிட்ட இன்னைக்கு அரை. உன்னை யாராவது புகழ்ந்தா அது கால் ஆகும். ஒரு நாள் புகழாமப் போனா ஆறு ஆகும். அதை நம்பி நான் எப்படிப் பிள்ளைங்களை விடுறது?"

குட்டிகளை ஓட்டிக்கொண்டு அவன் போய்விட்டான்.

வடிவு தொண்டை கட்டும் வரைக்கும் கூவிக்கொண்டே இருந்தாள். அந்த வருஷம் காட்டில் பிள்ளை பிறக்காத வீடு இல்லை. அந்தக் குகைக்கு வந்த பிள்ளை ஒன்றுகூட இல்லை.

நீதி: நல்ல பேருக்கு ஆசைப்பட்டுக் கேட்க வேண்டிய காலத்தில் வாய் மூடியிருப்பவர், கேட்கக் கூடாத காலத்தில் வாய் திறந்து, பேரையும் பிழைப்பையும் சேர்த்தே இழப்பார்.